வீழ்ச்சிக்குக் காத்திருப்பவன்

'தி பிக் ஷார்ட்' (2015) படத்தில் பலருக்கும் பிடித்துப்போன காட்சி ஒன்று. அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை சரியும் என்று பந்தயம் கட்டிவிட்ட இரண்டு இளைஞர்கள் லாஸ் வேகாசில் குதித்தாடுகிறார்கள். உடனிருக்கும் மூத்தவர் அதட்டுகிறார்: நாம் ஜெயித்தால் சனங்களுக்கு வீடு போகும், வேலை போகும், ஆடாதீங்க. ஆட்டம் நிற்கிறது. பந்தயம் நிற்கவில்லை. அதட்டியவரே பின்னால் இங்கிலாந்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து அந்த ஒப்பந்தங்களை விற்றுக்கொடுக்கிறார். பார்வையாளனுக்கு இயக்குநர் ஆடம் மெக்கே மலிவாகத் தரும் பாவமன்னிப்பு இது.

பேராசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மருத்துவம் படித்துவிட்டு நிதி நிர்வாகியான மைக்கேல் பரி (நிஜ ஆள்) 2005இலேயே இந்த ஒப்பந்தங்களை வாங்கத் தொடங்கினார். அடுத்தவன் வீட்டுக்கு நாம் தீக்காப்பீடு எடுத்து, தவணை கட்டிக்கொண்டே இருப்பது மாதிரியான ஏற்பாடு. வீடு எரியாதவரை நஷ்டம். பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டார்கள்; மறுத்தார். இப்படிக் காத்திருக்கும் தனிமையில், பணத்தையும் மிஞ்சி, 'நான் சொன்னது நடக்கணும்' என்கிற வேட்கை வளர்கிறது. பிறர் துயரத்தை அவன் விரும்புகிறான் என்பதல்ல. தன் அறிவுக்கு அது அவனுக்குச் சான்றாகத் தேவைப்படுகிறது. குரூரத்தைவிட இது மோசம் என்றே எனக்குப் படுகிறது. குரூரனுக்கு எதிராளியின் முகமாவது தெரியும்.

படப்பிரதியில் அப்படியொரு முகம் உண்டு. வாடகையை ஒழுங்காகக் கட்டிய குடித்தனக்காரர். தவணை கட்டாதது வீட்டுக்காரர். பிற்பாடு அவர் குடும்பத்தோடு வண்டியில் வாழ்கிறார். அதற்குச் சில நொடிகள்தான். பரி பலகையில் 489 சதவீதம் என்று லாபம் எழுதும்போது கேமரா நிதானமாகப் பார்க்கிறது.

இவனைக் கலகக்காரனாகக் கட்டமைக்கும் கதையாடலும் சரியல்ல. 2008 செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் திவால். மறுநாளே ஏ.ஐ.ஜி.க்கு 8,500 கோடி டாலர் கடனோடு ஓடிவந்தது அமெரிக்க மத்திய வங்கி. ஈடு தரவேண்டியவர்களே மூழ்கிவிட்டால் பந்தயச் சீட்டு வெறும் காகிதம். சரிவு வேண்டும், பணம் வாங்கிக்கொள்ள வங்கியும் மிஞ்ச வேண்டும்.

சரி, நாம்? 2020 மார்ச் 23இல் சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தபோது, முதலாளித்துவ நெருக்கடி பற்றிப் பேசிவந்த எனக்குள் 'அப்பவே சொன்னோம்ல' என்றொரு குஷி எட்டிப் பார்த்தது. என் கையில் சீட்டு ஏதுமில்லை, வாஸ்தவம். அந்த வாரம் எழுதிய கட்டுரையை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். சதவீதங்கள் வரிசையாக இருக்கின்றன. வேலைபோய் ஊருக்கு நடக்கத் தொடங்கியவர்கள் கடைசிப் பத்தியில், என் வாதத்துக்கு ஆதாரமாக, ஒரே வாக்கியத்தில் வந்துபோகிறார்கள்.