திரையில் கிடைத்த வகுப்பறை

‘குழந்தை நட்சத்திரம்’ என்பது தமிழில் பழகிப்போன தொடர். அதன் உள்ளே ஒரு முரண் உண்டு. குழந்தை வளரும் இயல்பினது. நட்சத்திரமோ நின்ற இடத்திலேயே ஒளிர வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவது. ஆதலின் குழந்தை வளர வளர நட்சத்திரம் மங்குவதே பெரும்பாலோர் வரலாறாகிறது. அமெரிக்காவின் ஷெர்லி டெம்பிள் 1930ஆம் ஆண்டுகளில் உலகம் கொண்டாடிய குழந்தை. வளர்ந்தபின் அப்புகழ் நிலைக்கவில்லை. 1950இல், தம் 22ஆம் வயதில், அவர் படங்களில் நடிப்பதினின்று விலகினார்.

இப்பொது விதிக்கு விலக்காக நின்றவர் ஸ்ரீதேவி. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் பிறந்து, நான்கு வயதில் திரையில் தோன்றி, 2018 பிப்ரவரி 24இல் துபாயில் மறையும்வரை நடிகையாகவே அறியப்பட்டவர். அவர் வெற்றிக்கு அழகையும் கண்களையும் காரணங் கூறுவோர் பலர். அழகு ஒருவரைத் திரைக்குக் கொண்டுவரலாம். அரை நூற்றாண்டு நிறுத்திவைக்காது. அவருடைய சிறந்த படங்களை வரிசையாக வைத்துக் காணின், அவற்றினூடே வேறொரு இழை ஓடுவது புலனாகும். அது வகுப்பறை என்னும் இழை.

குழந்தைத் தெய்வம்

1967இல் ஏ.பி. நாகராசன் இயக்கிய ‘கந்தன் கருணை’யில் அவர் குழந்தை முருகன். 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்திலும் முருகனே. பிள்ளைத்தமிழ் மரபில் தெய்வத்தைக் குழந்தையாகக் காண்பது நம்மவர்க்குப் புதிதன்று. அம்மரபில் தாலாட்டு பெறுவது குழந்தை. திரையிலோ குழந்தையே பெரியோருக்கு அருள்பாலிக்கிறது. கையுயர்த்தி ஆசி கூறுகிறது. தன்னியல்பாகத் துள்ள வேண்டிய உடல் அசையாமல் நிற்கப் பழகியது அங்கேதான். அந்த அடக்கம் பின்னாளில் அவர் நடிப்பின் முதலாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

1971இல் ‘பூம்பாட்டா’ என்னும் மலையாளப் படம் அவருக்குக் கேரள மாநிலத்தின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றுத் தந்தது. அதே ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்த ‘பாபு’வில் அவர் அம்மு என்னும் சிறுமி. ரிக்ஷா இழுக்கும் ஏழை ஒருவன் தன் உடலைத் தேய்த்து அச்சிறுமியைப் படிக்கவைக்கிறான் என்பது கதை. கதையிலுள்ள சிறுமி கல்வியால் உயர்கிறாள்; அவளாக நடித்த சிறுமியோ படப்பிடிப்புத் தளங்களில் வளர்ந்தார். பள்ளி வாழ்க்கையையும் கல்லூரி வாழ்க்கையையும் இழந்ததைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் குறிப்பிட்டதுண்டு.

தாண்டப்பட்ட பருவம்

1976 அக்டோபரில் கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 13. உடன் நடித்த ரஜினிகாந்துக்கு 25, கமல்ஹாசனுக்கு 21. தன் காதலன் நீரில் மூழ்கும்போது காப்பாற்றாமல் வாளாவிருந்தவனுடைய தந்தையை மணந்து, அவனுக்கே சிற்றன்னையாகும் பெண்ணின் பாத்திரம் அது. உணர்ச்சியைக் கொட்டாமல், பார்வையை நிறுத்தி, உறுதியை அமைதியால் காட்டும் நடிப்பைக் கண்டோர் வியந்தனர். வியந்தோரில் அந்த வயதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அவர் குழந்தைப் பாத்திரத்திலிருந்து கன்னிப் பருவத்திற்குச் செல்லவில்லை. அதனைத் தாண்டித் தாய்மைக்கே அனுப்பப்பட்டார்.

கமல்ஹாசனும் 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’ வழியே வந்த குழந்தை நட்சத்திரமே. எனினும் அவருக்கு இடையில் ஓர் இடைவெளி வாய்த்தது. டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவிலும் நடனப் பயிற்சியிலும் அவர் சில ஆண்டுகளைக் கழித்தார்; வளர்வதற்கு அவகாசம் பெற்றார். ஸ்ரீதேவிக்கு அவ்வவகாசம் இல்லை. ஒருவர் திரைக்கு வெளியே சென்று வளர்ந்து திரும்பினார்; மற்றவர் திரைக்குள்ளேயே, பலர் காண வளர்ந்தார்.

மயிலும் விஜியும்

1977இல் பாரதிராஜாவின் முதற் படமாக ‘16 வயதினிலே’ வந்தது. பள்ளித் தேர்வில் நன்கு தேறி, பயிற்சி பெற்று ஆசிரியையாக வேண்டும் என்று கனவு காணும் சிற்றூர்ப் பெண் மயில். தெங்கேரா முதலிய பட்டணப் பகுதிகளில் வாழ்வோரைக் காட்டிலும் மலாக்காவின் உட்புறத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இப்பெண் நெருக்கமானவள். ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவோ, தாயோடு பால்மரக் காட்டுக்குச் செல்லவோ நேர்ந்த பெண்கள் லயங்கள்தோறும் இருந்தனர். ஆசிரியையாக விரும்பிய மயிலின் ஆசை அவர்களுக்குக் கதையன்று. வாய்க்காமற்போன தங்கள் ஆசையே.

14 வயதுச் சிறுமி 16 வயதுப் பெண்ணாக நடித்தமையால் அப்பாத்திரத்தில் ஓர் உண்மை அமைந்தது. படித்தவள் என்னும் செருக்கு, பட்டணத்து மருத்துவரைக் கண்ட மயக்கம், ஏமாந்தபின் வரும் வெறுமை, சப்பாணியின் அன்பை மெல்ல உணரும் முதிர்ச்சி ஆகிய நான்கு நிலைகளையும் அவர் நடையாலும் தலைநிமிர்வாலும் வேறுபடுத்திக் காட்டினார். மயிலின் ஆசிரியக் கனவு நிறைவேறவில்லை. படம் முடிகையில் அவள் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருக்கிறாள்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1982இல், பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’. விபத்தில் நினைவிழந்து குழந்தை உள்ளத்திற்குத் திரும்பிய விஜியைக் காப்பவன் சீனு. அவன் பள்ளி ஆசிரியன். வளர்ந்தவர் குழந்தைபோல் நடிப்பது எளிதில் நகைப்புக்கு இடமாகிவிடும். மழலையைச் செயற்கையாக மிகுத்தால் பார்ப்போர் அருவருப்பர். விஜியிடம் இக்குறை இல்லை. ஒரு பொருளில் நிலைக்காமல் தாவும் கவனம், அழத் தொடங்கிய காரணத்தையே மறந்துவிடும் அழுகை, சுப்பிரமணி என்னும் நாய்க்குட்டியிடம் காட்டும் உரிமை என எல்லாம் உள்ளிருந்து எழுகின்றன. குழந்தையாயிருந்த காலத்தில் பெரியோர் வேலையைச் செய்தவர், பெரியவரான பின் குழந்தைமையைத் திரையில் மீட்டெடுத்தார் எனலாம். இறுதிக் காட்சி மீண்டும் தொடர்வண்டி நிலையமே. அங்கே மயில் காத்திருந்தாள். இங்கே விஜி, தன்னைக் காத்தவனை அடையாளம் அறியாமல் சென்றுவிடுகிறாள். இப்படத்திற்காகக் கமல்ஹாசனும் பாலு மகேந்திராவும் தேசிய விருது பெற்றனர். ஸ்ரீதேவிக்கு அவ்விருது வழங்கப்படவில்லை.

இரவல் குரல்

1983இல் வந்த ‘ஹிம்மத்வாலா’ அவரை இந்தித் திரையின் உச்சிக்கு ஏற்றியது. ‘நாகினா’ (1986), ‘மிஸ்டர் இந்தியா’ (1987), ‘சால்பாஸ்’ (1989) ஆகியவை அவர் புகழைப் பெருக்கின. சார்லி சாப்ளினாக வேடமிட்டு நகைச்சுவையில் அவர் காட்டிய திறம் குறிப்பிடத்தக்கது. எனினும் நடுவுநிலைத் திறனாய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்காலத்து இந்திப் படங்கள் பல அவரை ஆடலுக்கும் ஆடைக்கும் பயன்படுத்திய அளவுக்கு நடிப்புக்குப் பயன்படுத்தவில்லை. தொடக்கத்தில் அவருடைய இந்திக் குரலும் அவருடையதன்று, பிறர் பேசினர். 1989இல் வந்த ‘சாந்தினி’யில்தான் அவர் தம் குரலில் இந்தி பேசினார். நாடு முழுதும் அறிந்த முகத்திற்குத் தன் குரலாகப் பேச ஆறாண்டுகள் ஆயின.

வகுப்பறையில் அமர்ந்த தாய்

1997க்குப் பின் திரையிலிருந்து ஒதுங்கியிருந்தவர், 2012இல் கௌரி ஷிண்டேயின் ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ படத்தில் திரும்பினார். ஆங்கிலம் தெரியாமையால் கணவனாலும் மகளாலும் இகழப்படும் சசி, நியூயார்க் நகரில் நான்கு வார ஆங்கில வகுப்பில் சேர்கிறாள். நான்கு வயது முதல் நடித்தவரைத் திரை கடைசியில் ஒரு மாணவியாக மேசையின் முன் அமர்த்தியது. பையை அணைத்துக்கொண்டு வகுப்பில் நுழையும் அச்சமும், முதற் பாராட்டைக் கேட்டவுடன் முகத்தில் மலரும் கூச்சமும் எந்த ஆசிரியருக்கும் பழகியவை. தேர்வு எழுத இயலாமற்போயினும் திருமண விருந்தில் ஆங்கிலத்தில் அவள் ஆற்றும் சிற்றுரையே தேர்வாகிவிடுகிறது. ஊர் திரும்பும் வானூர்தியில் அவள் கேட்பதோ தன் மொழி நாளிதழை. பிறமொழி கற்பது தாய்மொழியைத் துறப்பதற்கன்று என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

கதைத்தலைவியாக அவர் நடித்த இறுதிப் படம் ‘மாம்’ (2017). அதில் அவர் உயிரியல் ஆசிரியை. தம் வகுப்பிலேயே பயிலும் பெண்ணுக்குச் சிற்றன்னை. 13 வயதில் ஏற்ற சிற்றன்னை வேடமும், 14 வயதில் மயில் கண்ட ஆசிரியைக் கனவும் இப்பாத்திரத்தில் வந்து கூடுகின்றன. இதற்கான தேசிய விருது அவர் மறைந்த பின்னரே, 2018இல் அறிவிக்கப்பட்டது.

இவை தற்செயலாய் அமைந்தவை. கதைகளை எழுதியோர் பிறர் எனச் சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் கதை பிறருடையதாயினும் அதில் எங்கே உயிர் கூடுகிறது என்பது நடிப்பவரைப் பொறுத்தது. ஆடற்காட்சிகளில் திறமையாக விளங்கியவர், கற்க விழையும் பெண்ணாகவும் கற்றதை இழந்த பெண்ணாகவும் வருமிடங்களில் மேதையாக விளங்கினார். இழந்ததை அறிந்தவரே ஏக்கத்தை அவ்வாறு காட்ட இயலும்.

ஆயினும் இவ்வெற்றியைக் காட்டி அந்த இழப்பை நியாயப்படுத்தலாகாது. ஒரு ஸ்ரீதேவி நிலைத்தார். அவரைப்போலத் தொடங்கிய பலரின் பெயர்களை இன்று யாரும் அறியார். இனிய குரலும் துணிந்த நடிப்பும் உடைய பிள்ளைகள் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் உள்ளனர். மேடைக்கு அனுப்ப வேண்டியவர்களே அவர்கள். ஆனால் கைதட்டல் ஓய்ந்தபின் அவர்கள் திரும்பி வந்து அமர, வகுப்பறையில் அவர்களுடைய நாற்காலி காத்திருக்க வேண்டும். ஸ்ரீதேவி அந்த நாற்காலியை அடைய 49 வயதாயிற்று, அதுவும் திரையில்தான்.