இரத்த நாளங்களும் இடதுசாரி ஆட்சிகளும்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திரினிடாட் தீவில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் தலைவர்கள் கூடியிருந்தனர். வெனிசுவேலா ஜனாதிபதி ஹியூகோ சாவேஸ் தம் இருக்கையினின்று எழுந்து சென்று, ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவின் கையில் ஒரு நூலைக் கொடுத்தார். உருகுவே நாட்டு எழுத்தாளர் எடுவார்டோ கலேயானோ 1971இல் வெளியிட்ட நூல் அது. ‘இலத்தீன் அமெரிக்காவின் திறந்த இரத்த நாளங்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். விற்பனைப் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓரிரு நாளில் உச்சியை நெருங்கிற்று. ஒரு நூலுக்கு இத்தகைய பேறு கிட்டுவது அரிது. அந்தப் பேற்றினால் நூலுக்கு நன்மை விளைந்ததா என்பதே நம் கேள்வி.

அந்நாளில் அக்கண்டத்தின் அரசியல் நிறமே மாறியிருந்தது. 1999இல் சாவேஸ், 2003இல் பிரேசிலில் லூலா, 2005இல் உருகுவேயில் தபாரே வாஸ்கெஸ், 2006இல் பொலிவியாவில் எவோ மொராலெஸ், 2007இல் எக்வடோரில் கொரேயா என, வாக்குச் சீட்டின் வழியே இடதுசாரிகள் அடுத்தடுத்து ஆட்சிக்கு வந்தனர். நம் இல்லங்களிலும் இவர்களில் சிலரின் பெயர் அன்போடு சொல்லப்பட்டதுண்டு. 2009 ஜனவரியில் காஸா தாக்கப்பட்டபோது சாவேஸ் இஸ்ரேலின் தூதரை வெளியேற்றினார்; பொலிவியா உறவையே முறித்துக்கொண்டது; 2010 டிசம்பரில் பிரேசில் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக ஏற்றது. அந்த அன்பில் நமக்கும் பங்குண்டு. அதைத் திரும்பப் பெறும் எண்ணமும் நமக்கில்லை. ஆயினும், நமக்காகக் குரல் கொடுத்தார் என்பதற்காக ஒருவரின் கணக்கைப் பாராமல் விடுதல் நியாயமாகாது.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். தமது முப்பதாம் வயதில், தொண்ணூறு இரவுகளில் இதனை எழுதி முடித்ததாகக் கலேயானோ கூறியிருக்கிறார். அந்த வேகம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பொருளாதாரம் பேசும் நூல்கள் பெரும்பாலும் நம்மை உறங்க வைப்பவை. இதுவோ உறங்க விடாத நூல். பொட்டோசி வெள்ளி மலையைப் பற்றிய பகுதி ஒன்றே போதும். 1545இல் கண்டறியப்பட்ட அம்மலையினால் ஸ்பெயினும் அதன் கடன்காரர்களும் செழித்தனர். சுரங்கத்தில் இறக்கப்பட்ட பழங்குடி மக்களோ மடிந்தனர். இன்று அவ்வூர் பொலிவியாவின் ஏழ்மை மிக்க பகுதியில் இருக்கிறது. சிலி, உருகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் இராணுவ ஆட்சிகள் இந்நூலைத் தடை செய்தன. சிலியை விட்டு வெளியேறியபோது இசபெல் அயெந்தே தம்முடன் கொண்டுபோன இரண்டே நூல்களுள் இதுவும் ஒன்று.

சர்க்கரையைப் பற்றிய பகுதியைப் படிக்கையில் அரபு படித்த நமக்கு ஒரு சொல் தென்பட்டது. ஸ்பானிய மொழியில் சர்க்கரைக்குப் பெயர் ‘அசூகர்’. நம் ‘அஸ்ஸுக்கர்’தான் அது. பருத்திக்கு ‘அல்கொதோன்’, இது ‘அல்குத்ன்’. அரபியர் சுக்கர் என்னும் சொல்லைப் பாரசீகத்தினின்று பெற்றனர். பாரசீகர் இந்தியாவினின்று பெற்றனர். அச்சொல் கடல் கடந்து போய், அடிமைகளின் கண்ணீரோடு கலந்த கதையைத்தான் கலேயானோ எழுதியிருக்கிறார். நிற்க.

இனிக் குறைக்கு வருவோம். நாட்டின் செல்வத்தை வெளியார் எவ்வாறு கொண்டுசென்றனர் என்பதை இந்நூல் விரித்துரைக்கிறது. அதற்குத் துணைபோன உள்ளூர்ச் செல்வந்தரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அச்செல்வம் ஒரு நாள் மக்களின் கைக்குத் திரும்பிவிட்டால் அதனை எவ்வாறு காப்பது, யார் கணக்குக் கேட்பது, ஆள்பவர் தவறினால் தடுப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு இதில் விடையைக் காணோம். செல்வத்தை மீட்கும்வரை இந்நூல் வழித்துணையாக வரும். மீட்டபின் அது அமானிதம் ஆகிறது, அங்கே இந்நூல் ஊமையாகிவிடுகிறது.

இந்தக் குறையை நாட்டு நடப்பிலும் கண்டோம். வெனிசுவேலாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயினால் வந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் ஏழைகளின் குடியிருப்புகளுக்கு மருத்துவர் வந்தனர், முதியோர் எழுத்தறிந்தனர். இதை மறுப்பவர் நேர்மையற்றவர். ஆனால் தாழ்ந்த காலத்துக்கென்று சேமித்து வைத்தாரில்லை. 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே இறங்கிற்று. ஐக்கிய அமெரிக்கா 2017இலும் 2019இலும் விதித்த கடுந்தடைகள் துன்பத்தைப் பெருக்கின என்பது உண்மை. அவற்றுக்கு முன்பே கடைகள் காலியாகிவிட்டன என்பதும் உண்மை. 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். பொட்டோசியைப் பாடிய பேனா இவர்களையும் பாடியிருக்க வேண்டாமா?

பொலிவியாவின் கணக்கு இதனினும் சிக்கலானது. மொராலெஸ் ஐமாரா இனத்துப் பிள்ளை. 2006 மே முதல் நாள் இயற்கை வாயுவை நாட்டுடைமையாக்கினார். நூற்றுக்கு 60 பேர் அளவில் இருந்த வறியோர் தொகை பத்தாண்டில் 40க்கும் கீழே இறங்கிற்று. இது சிறு சாதனையன்று. ஆனால் மீண்டும் போட்டியிட வேண்டாம் என்று 2016இல் மக்களே வாக்களித்த பின்னும் அவர் 2019இல் போட்டியிட்டார், பதவி இழந்தார். வாயு குறைந்தது, டாலர் அற்றது. 2025 தேர்தலில் அவர் வளர்த்த கட்சி ஆட்சியை இழந்தது. பிரேசிலோ சோயாவையும் இரும்புத் தாதுவையும் முன்போலவே கப்பலேற்றிற்று. வாங்குபவர் மட்டும் சீனராயினர். நாளம் மூடப்படவில்லை, மறுபக்கம் திருப்பப்பட்டது.

இதனைக் கலேயானோ உணர்ந்தாரா? 2014 ஏப்ரலில் பிரேசிலியாவில் நடந்த புத்தக விழாவில், தம் நூலைத் தம்மாலேயே மீண்டும் படிக்க இயலாது என்றார். எழுதிய காலத்தில் பொருளாதாரத்தில் தமக்குப் போதிய பயிற்சி இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். எழுதியதற்காக வருந்தவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். வலதுசாரிகள் முதற்பகுதியை மட்டும் கேட்டுக் கைகொட்டினர். இடதுசாரிகள் பலர் முதியவரின் சொல்லென ஒதுக்கினர். இரு சாராரும் தவறினர் என்போம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கு ஈராக்கில் சொன்ன பழைய சொல்லும் உண்டு, மிஸ்றில் சொன்ன புதிய சொல்லும் உண்டு. பழையதைக் காட்டி அவர்களின் கல்வியைக் குறைத்துப் பேசும் மாணவனை எந்த மதரஸாவிலும் நாம் கண்டதில்லை.

கலேயானோவின் சொந்த நாட்டைப் பற்றியும் ஒரு சொல். உருகுவேயில் இடதுசாரி முன்னணி பதினைந்தாண்டு ஆண்டது, 2019இல் தோற்றது, ஓசையின்றி ஆட்சியை ஒப்படைத்தது, 2024 தேர்தலில் மீண்டும் வென்றது. கோபம் கொண்டு எழுத அங்கே அதிகம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, உருகுவேயைப் பற்றி நம்மவர் பேசுவதும் குறைவு.

தம் பிள்ளைகளின் கையில் ‘இரத்த நாளங்க’ளைக் கொடுக்கும் அன்பர்கள், 1982 முதல் 1986 வரை மூன்று பாகங்களாக அவர் எழுதிய ‘நெருப்பின் நினைவு’ நூலையும் உடன் கொடுப்பாராக. அதில் சினம் குறைவு, மனிதர்கள் அதிகம்.