விதியா, வேண்டுகோளா? வணிக ஒப்பந்தங்களின் மனித உரிமைப் பிரிவுகளும் சேர்வராயன் மலையும்

முன்னுரை

சேர்வராயன் மலைக்கு உலக வணிகம் புதிதன்று. 1820களில், காக்பர்ன் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், காப்பிப் பயிர் ஏற்காட்டுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலையின் பாக்சைட்டு, மேட்டூரில் இயங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்தின் (மால்கோ) ஆலைக்குச் சென்றது. காப்பியும் தாதுவும் மலையிறங்கின. அவற்றோடு தொடர்புடைய தோட்டத் தொழிலாளர், மலையாளிப் பழங்குடியினர் ஆகியோரின் முறையீடு எவ்வளவு தொலைவு சென்றது?

இன்று அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தங்களில் மனித உரிமை, தொழிலாளர் உரிமை பற்றிய பிரிவுகள் இடம்பெறுகின்றன. உரிமை குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதையே பெரும்பாலான திறனாய்வுகள் அளவுகோலாகக் கொள்கின்றன. அவ்வுரிமையின் பெயரால் யார் முறையிடலாம் என்பதே முதன்மையான அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

ஒப்பந்த மொழியின் இலக்கணம்

வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வியங்கோள் வரும் என்பது தமிழ் இலக்கண மரபு. ஒரே வடிவம் விதியாகவும் வேண்டுகோளாகவும் நிற்கலாம். சொல்வோர், கேட்போர், சூழல் ஆகியவையே பொருளைத் தெளிவுபடுத்தும். ஒப்பந்தப் பனுவல்களை வாசிக்கவும் இவ்வேறுபாடு துணைசெய்கிறது.

இந்தியாவும் ஐரோப்பியச் சமூகமும் செய்துகொண்ட ஒத்துழைப்பு ஒப்பந்தம் 1994ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மனித உரிமைகளையும் மக்களாட்சி நெறிகளையும் மதித்தல் அவ்வொப்பந்தத்தின் இன்றியமையாக் கூறு என்று அதன் முதல் உறுப்பு கூறுகிறது. இதற்குரிய சட்ட அடிப்படை போதாது எனப் போர்ச்சுக்கல் தொடுத்த வழக்கை ஐரோப்பிய நீதிமன்றம் 1996 டிசம்பர் 3 அன்று தள்ளுபடி செய்தது. உரிமை மீறப்படின் ஒப்பந்தத்தை இடைநிறுத்தவோ முடிக்கவோ இத்தகைய உறுப்பு முக்கியக் காரணியாகலாம் என்றும் அத்தீர்ப்பு சுட்டியது. ஆகவே அவ்வுறுப்பு வெற்று வாழ்த்தன்று, விதியே. எனினும் அவ்விதியைக் கையாளும் எழுவாய் அரசு மட்டுமே. உரிமை இழந்தவர் அவ்வாக்கியத்தில் செயப்படுபொருளாகக்கூட இடம்பெறவில்லை.

2024 மார்ச் 10 அன்று கையெழுத்தாகி, 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள வணிக, பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் வேறு வகையினது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய எஃப்டா நாடுகளோடு இந்தியா செய்த இவ்வொப்பந்தத்தில் வணிகமும் நீடித்த வளர்ச்சியும் பற்றித் தனி இயல் உண்டு. தொழிலாளர் உரிமை தொடர்பான கடமைகளை அது மீளுரைக்கிறது. கலந்தாய்வுக்கும் வழி வகுக்கிறது. ஆனால் சுங்க வரிச் சலுகை பற்றிய பிணக்கு நடுவர் குழுவிடம் செல்ல, இவ்வியலின் பிணக்கு அங்குச் செல்ல இயலாது. பண்டத்திற்கு விதியும் பணியாளருக்கு வேண்டுகோளும் ஒரே பனுவலில் அமைந்துள்ளன. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்புறுதி செய்யாத நிலையில் இக்குறை மேலும் பெரிதாகிறது.

ஒப்பந்தமின்றி நிகழ்ந்த தலையீடு

எஃப்டா நாடுகளுள் ஒன்றான நார்வே, இவ்வொப்பந்தத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே சேலம் வட்டாரத்தோடு தொடர்புடைய முடிவொன்றை எடுத்தது. அந்நாட்டு அரசு ஓய்வூதிய நிதியத்திற்கு 2004ஆம் ஆண்டு நெறிமுறை மன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் பரிந்துரையின்படி 2007ஆம் ஆண்டில் வேதாந்தா ரிசோர்சஸ், ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், மெட்ராஸ் அலுமினியம் ஆகிய மூன்றும் நிதியத்தின் முதலீட்டிலிருந்து விலக்கப்பட்டன. கடும் சுற்றுச்சூழல் சேதமும் மனித உரிமை மீறலும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட்டு எடுத்து வந்த நிறுவனம் ஆஸ்லோவின் கணக்கேட்டிலிருந்து நீங்கியது.

இம்முடிவு நீதிமன்றத் தீர்ப்பன்று, முதலீட்டாளரின் மதிப்பீடே. எனினும் கள நிலைமை ஆராயப்பட்டது; காரணம் எழுத்தில் வெளியிடப்பட்டது; விளைவும் இருந்தது. இம்மூன்றையும் 2024ஆம் ஆண்டின் இயல் உறுதிசெய்யவில்லை. அதே வேளையில், முதலீட்டை விலக்கியதால் மலைவாழ் மக்களுக்கு இழப்பீடோ முறையீட்டு உரிமையோ கிடைத்துவிடவில்லை. நார்வே தன் மனச்சான்றைக் காத்துக்கொண்டது, தீர்வு வழங்கவில்லை.

மக்களின் மன்றம்

தீர்வுக்கு நெருங்கிய முன்னுதாரணம் ஒடிசாவின் நியமகிரியில் உள்ளது. வன உரிமைச் சட்டத்தின் (2006) அடிப்படையில், பாக்சைட்டுச் சுரங்கம் பற்றிய கோரிக்கைகளைக் கிராம சபைகள் முடிவுசெய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. அங்குப் பாதிக்கப்படுவோரே எழுவாயாயினர்.

சேர்வராயன் மலையில் நிலைமை கடினமானது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆதலால் மலையாளிப் பழங்குடியினர்க்கு வன உரிமைச் சட்டத்தின் கிராம சபையே முதன்மையான பிடிமானம். தோட்டத் தொழிலாளர்க்கோ, வீடு, மருத்துவம் முதலிய வசதிகளை உறுதியளித்த 1951ஆம் ஆண்டுச் சட்டம் 5 எக்டேருக்குக் குறைந்த தோட்டங்களுக்குத் தானாகப் பொருந்தாததாகவே அமைந்தது. வெளிநாட்டுச் சந்தைக்குச் செல்லும் காப்பிக்கொட்டை தோட்டத்தின் பரப்பளவை அறிவதில்லை. தொழிலாளரின் உரிமையோ அப்பரப்பளவைச் சார்ந்துள்ளது.

மறுப்பும் விடையும்

தொழிலாளர் தரங்களை வணிகத்தோடு பிணைத்தல் செல்வ நாடுகளின் மறைமுகச் சந்தைக் காப்பு என்பது இந்தியாவின் நெடுநாள் நிலைப்பாடு. 1996ஆம் ஆண்டு சிங்கப்பூர் அமைச்சர் மாநாட்டு அறிக்கையும் தொழிலாளர் தரங்களைச் சந்தைக் காப்புக்குப் பயன்படுத்துவதை மறுத்தது. இவ்வச்சம் அடிப்படையற்றதன்று. இலங்கைக்கு வழங்கிய ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தி 2017 மே மாதத்தில் மீண்டும் அளித்தது. உரிமை மீறலுக்குப் பொறுப்பான அரசுக்கு விதித்த தண்டனையின் சுமை, அதில் பங்கில்லாத ஆடைத் தொழிலாளர் மீதும் விழக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

ஆனால் இவ்வாதம் தடைவிதிக்கும் அதிகாரத்தையே மறுக்கிறது. முறையிடும் உரிமையை மறுக்கவில்லை. தொழிற்சங்கமும் கிராம சபையும் தம் சான்றுகளை ஒப்பந்தத்தின் கூட்டுக் குழு முன் வைக்கவும், எழுத்தில் விடை பெறவும் வழிசெய்வதால் எந்த நாட்டின் சந்தையும் மூடப்படாது.

முடிவுரை

1994ஆம் ஆண்டின் உறுப்பு அரசின் கையில் விதியாயிற்று. 2024ஆம் ஆண்டின் இயல் வேண்டுகோளாய் நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் விலக்கல் ஒப்பந்தமின்றியே விளைவைத் தந்தது. மூன்றிலும் மலைவாழ் மக்களுக்குப் பேசும் இடமில்லை. எனவே இனிவரும் ஒப்பந்தங்களில் உரிமைச் சொற்கள் எத்தனை என எண்ணுவது போதாது. முறையிடுவோர் யார், கேட்போர் யார், விடைக்குக் கால வரம்பு உண்டா என்னும் மூன்று வினாக்களைத் திறனாய்வாளர் எழுப்ப வேண்டும். ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளி தன் மொழியில் எழுதும் மனுவுக்கு விடையளிக்கும் கடமை ஒரு பனுவலில் இடம்பெறும்போதே, அப்பனுவலை மனித உரிமை ஒப்பந்தம் என அழைக்க முடியும்.