எற்பாடு

தொல்காப்பியர் நெய்தற்குரிய சிறுபொழுதாக வகுத்தது எற்பாடு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டிற் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய பின்னர் இச்சொல் கற்போர் பலர்க்கு எளிதிற் கிட்டியது. எனினும் அதன் பொருள்பற்றிய ஐயம் நீங்கிற்றில்லை. ஞாயிறு மறையும் பொழுது என்பர் ஒரு சாரார். தோன்றும் பொழுது என்பர் மற்றொரு சாரார். முன்னதாயின் நெய்தற்றலைவியின் இரங்கல் அந்தியைச் சாரும். பின்னதாயின் காலையைச் சாரும். ஆதலின் இவ்வையம் ஒரு திணையின் சுவையையே தாக்குவதாகும்.

எல் என்பது ஒளி, ஞாயிறு, பகல் எனப் பொருள்படும். கெடு என்பது கேடு ஆனாற்போலப் படு என்பது முதனிலை நீண்டு பாடு ஆயிற்று. லகரம் றகரமாதலைக் கற்பாறை, நெற்பயிர் என்பவற்றிற் காண்க. எஞ்சிய ஐயம் படு என்னும் வினையின்கண்ணதே. கடல்படு பொருள் என்புழி அது தோன்றுதலைக் குறிக்கும். ஞாயிற்றோடு சேருமிடத்தோ மறைதலையே குறிக்கும். படுஞாயிறு என்றால் மேற்கே மறையும் ஞாயிறன்றி உதிக்கும் ஞாயிறாகாது.

இதற்கு நாட்டு வழக்கும் சான்று பகரும். நல்லூரிலும் யாழ்ப்பாணத்துப் பிறவூர்களிலும் 'பொழுதுபட வாங்கோ' என்பது இன்றும் கேட்கும் பேச்சாகும். ஈண்டுப் பொழுது என்றது ஞாயிற்றை. படுதல் என்றது மறைதலை. எல் நின்ற இடத்திற் பொழுது நின்றதேயன்றி, சொல்லமைதி வேறுபட்டிலது.

எற்பாடு மறைதலாயின் மாலை எனப் பிறிதொன்று கூறல் மிகையாமே எனின், ஆகாது. அறுபது நாழிகையை ஆறாகப் பகுப்பின், நண்பகலின் பின் ஞாயிறு சாய்ந்து மறையுங்காறும் உள்ள பத்து நாழிகை எற்பாடாம், மறைந்தபின்னரே மாலை. யாழ்ப்பாணத்தாரும் பொழுதுபட்டபின் வரும் மங்கலிருளை மைம்மல் என வேறு பெயராற் கூறுவர். அன்றியும், எற்பாட்டைக் காலையெனக் கொள்ளின் அது மருதத்திற்குரிய விடியலோடு மயங்கும்; பிற்பகலோ பெயரின்றி ஒழியும்.

நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் 1938ஆம் ஆண்டு முதற் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை வெளியிட்டார். அவர் வழியிற் சொல்லின் வேர் காண விழையும் மாணவர், பேச்சு வழக்கைக் கொச்சையெனத் தள்ளாது ஆராய்தல் வேண்டும். எற்பாடு வழக்கொழிந்தும் அதன் பாடு இந்நாட்டார் நாவில் அழியாது நிற்கின்றது.