பாட்டுக்கு மேடை எங்கே?

பாட்டு எங்கே பாடப்படுகிறது என்பது, என்ன பாடப்படுகிறது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வியாகும். நமது கலை விமர்சனம் இதுகாறும் இரண்டாவது கேள்வியையே விரித்துப் பேசி வந்துள்ளது. முதலாவதை விழா ஏற்பாட்டாளரின் கையில் விட்டுவிட்டது. ஆயின், மேடையைத் தேர்பவர் சபையையும் சேர்த்தே தேர்ந்துவிடுகிறார். யார் கேட்கலாம், யார் கேட்க முடியாது என்பது பாடகர் வாய் திறப்பதற்கு முன்னரே முடிவாகிவிடுகிறது.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற உதாரணம் ஐரோப்பியரின் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. 1956ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் இது தொடங்கிற்று. வென்ற நாடே அடுத்த ஆண்டு விருந்தேற்கும் என்பது நாளடைவில் வழக்கமாயிற்று. நாட்டைத் தீர்மானிப்பது பாட்டு. நகரத்தைத் தீர்மானிப்பதோ அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனம். பல்லாயிரவரைக் கொள்ளும் மூடிய அரங்கு, மேடையமைப்புக்கும் ஒத்திகைக்கும் பல வாரம் அதனை விட்டுக்கொடுக்கும் வசதி, அண்மையில் ஒரு விமான நிலையம், போதிய விடுதி அறைகள், நகர நிர்வாகத்தின் பணப் பங்களிப்பு என்பன அதன் அளவுகோல்கள். 2025இல் ஒஸ்திரியா வென்றபோது வியன்னாவும் இன்ஸ்புறூக்கும் முன்வந்தன. அடுத்த ஆண்டுப் போட்டிக்குத் தலைநகரான வியன்னாவே தெரிவாயிற்று.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இவ்வளவுகோல்கள் நடுநிலையானவை. ஆனால் அரங்கும் விமான நிலையமும் விடுதிகளும் எங்கே இருக்கும்? மூலதனம் ஏற்கெனவே குவிந்த இடத்தில்தான் இருக்கும். வசதியுள்ள ஊருக்கு விழா போகிறது; விழா நடந்த ஊருக்கு மேலும் வசதி சேர்கிறது. உள்ளவருக்கே மேலும் கொடுக்கும் இந்தக் கணக்கை நடுநிலை என்று எவ்வாறு கூறலாம்? வசதியை அவசரமாகப் படைக்க அரசுகள் முனையும்போது வேறொரு கொடுமையும் நேர்வதுண்டு. 2012இல் அசர்பைஜானின் தலைநகரான பாக்குவில் போட்டி நடந்தது. புதிய அரங்கு எழுந்த பகுதியில் குடியிருந்தோரின் வீடுகள் இடிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. பாட்டின் பெயரால் மக்கள் வீடிழந்தனர்.

இதற்கு எதிர்மாறான சான்றும் அதே போட்டியின் வரலாற்றில் உண்டு. 1992இல் அயர்லாந்து வென்றது. அடுத்த ஆண்டு போட்டி நடந்த இடம் தலைநகரான டப்ளின் அன்று. கோர்க் பகுதியில் ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்த மில்ஸ்றீற் என்னும் சிற்றூர். அங்கே குதிரைக் காட்சிகளுக்கென அமைந்த ஒரு மண்டபம் இருந்தது. அதன் உரிமையாளர் அதனை இலவசமாகத் தர முன்வந்தார்; ஒளிபரப்பு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரே ஊரின் புகையிரத நிலைய மேடை பெருப்பிக்கப்பட்டது. தனியொரு வணிகரின் முயற்சி அது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் அது புகட்டும் பாடம் தெளிவானது. வசதி முதலில் வந்து முடிவு பின்னர் வரவேண்டும் என்பது விதியன்று. முடிவு முதலில் வந்தால் வசதி பின்தொடரும்.

இவ்வாதம் ஈழத்தவராகிய நமக்குப் புதியதன்று. பாட்டுப் போட்டிக்காக அன்றி, ஆராய்ச்சி மாநாடு ஒன்றுக்காக நாம் இதே கேள்வியை எதிர்கொண்டோம். 1964இல் புதுடில்லியில் உருவான அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மூலவர்களுள் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள்; ஊர்காவற்றுறையின் கரம்பொன் மண்ணிற் பிறந்தவர். கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் ஆகிய நகரங்களுக்குப் பின் நான்காவது மாநாடு இலங்கைக்கு வந்தபோது, கொழும்பா யாழ்ப்பாணமா என்ற பிணக்கு எழுந்தது. 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம் கொழும்பில் இருந்தது; விமான நிலையமும் விடுதிகளும் அங்கேயே இருந்தன. ஆட்சியாளரின் விருப்பமும் கொழும்பே. யாழ்ப்பாணத்திலோ அத்தகைய மண்டபம் இல்லை. தமிழைத் தம் வாழ்வாகக் கொண்ட மக்கள் இருந்தனர். பேராசிரியர் வித்தியானந்தன் தலைமையில் 1974 சனவரியில் மாநாடு யாழ்ப்பாணத்திலேயே கூடிற்று.

சனவரி 10ஆம் நாள் இறுதிப் பொதுக்கூட்டத்திற்கு வந்த சனத்திரளை வீரசிங்கம் மண்டபம் கொள்ளவில்லை. மக்கள் வெளியே திரண்டனர். அமைதியாகக் கூடியிருந்தோர்மீது பொலிசார் பாய்ந்தனர். ஒன்பது உயிர்கள் பலியாயின. கொழும்பில் நடத்தியிருந்தால் இவ்வாறு நேர்ந்திராது என்று கூறுவோர், காரணத்தைத் தலைகீழாக நிறுத்துகின்றனர். மண்டபம் சிறியது என்பதால் அம்மக்கள் மடியவில்லை; மக்கள் தம் ஊரில் தம் மொழிக்காகக் கூடுவதை அதிகாரம் பொறுக்காததால் மடிந்தனர். அன்றைய ஐக்கிய முன்னணி ஆட்சியில் இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்டிருந்தன என்ற கசப்பான உண்மையையும் முற்போக்காளராகிய நாம் மறைத்துப் பேசலாகாது.

கொழும்பை நோக்கி நாம் தொடுத்த கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வியை நெடுந்தீவார் யாழ்ப்பாணத்தை நோக்கித் தொடுத்தால் நமது விடை என்ன? போருக்குப் பின் 2011இலும் 2013இலும் யாழ்ப்பாணத்திலும், இடையே 2012இல் காலியிலும், பிற நாட்டுக் கலைஞர்களும் பங்குகொண்ட இசை விழாக்கள் நடைபெற்றன. தலைநகரை விட்டு இரு கரைகளுக்கும் முறைவைத்து விழாவைக் கொண்டுசென்றது பாராட்டத்தக்கதே. எனினும் நெடுந்தீவார் ஒருவர் யாழ் நகர மேடையைக் காண வேண்டுமானால், குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் பயணம் செய்து, அங்கிருந்து தாம்போதி கடந்து பேருந்தில் நகரை அடைதல் வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிந்தால் வீடு திரும்ப அவருக்குப் படகில்லை. அவருக்கு யாழ்ப்பாணமும் ஒரு கொழும்புதான்.

ஆசிரியர்களாகிய நாமே நடத்தும் தமிழ்த் தினப் போட்டிகளை எண்ணிப் பாருங்கள். வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிப்படியாக ஏறும் அப்போட்டிகளில், தீவகப் பிள்ளையொன்று பாடுவதற்கு முன்னரே கடலோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. அலையிற் களைத்து வந்த குரலையும், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த குரலையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு, நடுவர் தீர்ப்பு நியாயமானது என்கிறோம்.

தீவுகளில் வசதி இல்லை என்பது வழக்கமான விடை. நயினாதீவு நாகபூசணி அம்மன் மகோற்சவம் பதினாறு நாள் நடைபெறுகிறது. படகேறி வரும் பெருந்திரளுக்கு அன்னதானமும் நடைபெறுகிறது. நெடுந்தீவு நிருவாகப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவில் குடியிருப்போர் எவருமிலர், குடிநீரும் இல்லை. அங்கே அந்தோனியார் திருவிழாவுக்கு இரு நாட்டு அடியாரும் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றனர். நீரும் உணவும் கடல்வழியே கொண்டுவரப்படுகின்றன. பக்திக்காகச் செய்யக்கூடியதைப் பாட்டுக்காகச் செய்ய இயலாதா? இசைக்கும் இத்தீவுகள் அந்நியமானவை அல்ல. ஊர்காவற்றுறைப் பகுதியின் மெலிஞ்சிமுனை போன்ற கடற்றொழிலாளர் கிராமங்கள் அண்ணாவியார் வழிவந்த கூத்தைப் பேணியவை. கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றிய பெருமை பேராசிரியர் வித்தியானந்தனுக்கு உரியது. அந்தப் பாதையில் மேடை கிராமத்துக்குத் திரும்பி நடந்த நாள்கள் மிகச் சிலவே.

யூரோவிஷனை நெடுந்தீவுக்கு அழைப்போம் என்பது நமது வாதமன்று. விழாவின் இடத்தைத் தேரும் பட்டியலின் வரிசையை மாற்றுவோம் என்பதே வாதம். அரங்கின் இருக்கைகளையும் விடுதியின் அறைகளையும் பின்னர் எண்ணலாம். யாருடைய பாட்டு, யார் கேட்கப் போகிறார்கள் என்பதை முதலில் எண்ணுதல் வேண்டும். மாகாணத்தின் இசை விழாவும் மாணவர் பாட்டுப் போட்டியும் முறைவைத்துத் தீவகத்துக்கும் வருதல் வேண்டும். அது கைகூடும்வரை, நகரில் விழா நடத்தும் குழுவினர் தம் முதற் கூட்டத்தில், பந்தலைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியும் பேசுவதற்கு முன்னர், ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: குறிகட்டுவானிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு?