மரப்பட்டையில் மூதாதையர் கோடு

மரபு வழி நிற்கும் ஓவியன் முன்னோர் வரைந்ததையே மீண்டும் வரைபவன் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர், வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாண்டில் 1952-இல் பிறந்து 2024-இல் மறைந்த ஜான் மவுண்ஜுல். குனிஞ்கு மொழி பேசும் பழங்குடியைச் சேர்ந்தவர்.

அவர் கையாண்ட பொருள்களை முதலில் நோக்குவோம். யூக்கலிப்டஸ் மரவகை ஒன்றின் பட்டையை மழைக்காலத்தில் உரித்து, நெருப்பில் வாட்டி, பளுவேற்றித் தட்டையாக்குவர். காவி, மஞ்சள் மண், வெண்களிமண், கரி ஆகியவையே வண்ணங்கள். தூரிகையோ கோரைத் தண்டின் நீண்ட நார். அதனைத் தோய்த்து இழுத்தால் மயிரிழை போன்ற கோடொன்று விழும். அடுத்த கோட்டுக்கு மீண்டும் தோய்த்தல் வேண்டும். இவ்வாறு குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்படும் கோட்டு வேலைக்கு ரார்க் என்று பெயர். மடாயின் என்னும் சடங்குக்கு உரியது அது. அதன் மினுக்கத்தில் மூதாதையரின் ஆற்றல் தோன்றுவதாக அம்மக்கள் கொள்வர்.

தமையனிடமும் மாமனாரிடமும் இக்கலையைக் கற்ற மவுண்ஜுல், தொடக்கத்தில் கங்காரு, மீன், வானவில் பாம்பு ஆகிய உருவங்களுக்குள்ளே ரார்க்கை நிரப்பினார். பிற்காலத்திலோ உருவங்கள் விலக, பட்டை முழுவதையும் கோடே ஆட்கொண்டது. இதனை மேனாட்டு அரூப ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்வோர் உளர். அப்புகழ் பொருந்தாது என்பதே என் கருத்து. அரூப ஓவியன் பொருளைத் துறக்கிறான். இவரோ பொருளை மறைக்கிறார். மில்மில்ங்கன் என்னும் தம் நிலத்து நீர்நிலையும் அதில் உறையும் ஆற்றலும் அக்கோடுகளுக்குள் உள்ளன. சடங்கறிந்தோர் அவற்றைக் காண்பர். ஏனையோர் புறத்தை மட்டும் கண்டு மகிழலாம்.

ஆர்க்கிட் சாற்றுக்குப் பதிலாக மரவேலைப் பசையை வண்ணத்தில் கலந்தாரே, அது மரபுக்கு இழுக்கன்றோ என்று வினவுவாரும் உண்டு. பசை மாறியது, உண்மை. அதனினும் பெரிய மாற்றம், ஆடவர் கையிலிருந்த ரார்க்கைத் தம் மனைவி கே லிஞ்சுவங்காவுக்குக் கற்பித்ததாகும். அவரும் சிறந்த ஓவியரானார். மரபு வளர்ந்ததேயன்றித் தேயவில்லை.

எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. 2006-இல் பாரிஸில் திறக்கப்பட்ட கே பிரான்லி அருங்காட்சியகத்தில் ஒரு தூணை அவரே தீட்டினார். புத்தகக் கடையின் மேற்கூரைக்கு அவர் வடிவத்தைப் பிறர் பெரிதாக்கி வரைந்தனர். கூரை கண்ணைக் கவர்கிறது, ஐயமில்லை. ஆயினும் பட்டையை அணுகி நோக்கின், ஒரு கோடு சற்றே தடித்தும் அடுத்தது மெலிந்தும் ஓடுவது தெரியும். நார் எங்கே வறண்டது, எங்கே மீண்டும் தோய்ந்தது என்று கண் அறியும். கூரையில் அதைத் தேடிப் பயனில்லை.