கண்ணாடிச் சுவரும் தூரிகை ஏந்திய இளைஞரும்

தொழில் அழிந்த நகருக்குக் கலையால் உயிரூட்டலாம்; இளைஞரை அழைத்துத் தூரிகையும் வண்ணமும் கொடுத்தால் போதும் என்னும் கருத்து இன்று திட்ட அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆலைகள் மூடுண்ட மேனாட்டு நகரங்களில் வளர்ந்த கருத்து இது. எடுத்த எடுப்பில் இதைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஆனால் இலங்கை மண்ணில் வைத்து இதனை உரைத்துப் பார்ப்பதாயின், அதற்கேற்ற உரைகல் சீகிரியாவில் இருக்கிறது.

477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் தலைநகரம் அது. அவன் வீழ்ந்ததும் தம்பி முகலன் அநுராதபுரத்துக்கே மீண்டான். குன்று துறவிகளுக்கு உரியதாயிற்று. அரசு கைவிட்டுப்போன நகரம் வெறுங் கல்லாகிவிட்டதா? இல்லை. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அதைக் காண வந்தோர், மெருகிட்ட கண்ணாடிச் சுவரிலே கவிதை கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைச் செனரத் பரணவிதான படித்தறிந்து, 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதியோருள் துறவிகளும் அரச அலுவலரும் உளர், பெண்களும் உளர். பலர் தம் பெயரையும் பொறித்திருக்கின்றனர். அவர்களை எவரும் அழைக்கவில்லை, தலைப்புக் கொடுக்கவுமில்லை.

அப்பாடல்களை நாம் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. பெரும்பாலானவை பாறையில் தீட்டப்பட்ட பெண்களின் அழகிலேயே மயங்கி நிற்பவை. அக்குன்றின்மேல் கல்லும் செங்கல்லும் சுமந்த தோள்களை எண்ணிப் பாடியவர் மிக அரியர். எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை: மன்னன் தன் பெருமைக்கென எழுப்பிய சுவரை, வந்துபோனவர்கள் தம் பேச்சுக்குரிய இடமாக்கிக் கொண்டனர்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்தபின் நாடெங்கும் இளைஞர் சுவரோவியம் தீட்டப் புறப்பட்டதை இதனோடு ஒப்பிடுவோம். வெயிலில் நின்று அவர்கள் சிந்திய உழைப்பு உண்மையானது. அதைக் கேலி செய்தல் தகாது. யாழ்ப்பாணத்து இளைஞரும் அதில் கலந்துகொண்டனர். ஆனால் சுவர்களில் எழுந்தவை எவை? பழைய மன்னர்கள், போர்வீரர்கள், கண்ணுக்கினிய இயற்கைக் காட்சிகள். தீட்டியவனின் வேலையின்மையோ, அடுத்த வீட்டுத் தோட்டத் தொழிலாளியின் கூலியோ எங்கே? இளைஞன் கையில் தூரிகை இருந்தது. வாயில் பேச்சு இல்லை. மூன்றாண்டு கழியுமுன்னரே, 2022இல், அதே தலைமுறை காலிமுகத்திடலில் கூடாரமடித்து நூலகம் அமைத்தது, பாடியது, நாடகம் நடித்தது. அந்தக் கலைக்கு எந்தத் திணைக்களமும் வண்ணம் வழங்கவில்லை.

1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் போரால் நின்றது. அத்தகைய ஆலையின் மதிலில் மாணவர் மயில் தீட்டினால் ஊர் அழகுபெறும் என்பர், பெறட்டும். ஆலை ஏன் நின்றது, அதில் உழைத்தோர் எங்குச் சிதறினர், இனி என்ன வேலை என்று அதே மதிலில் கேட்க இடமுண்டா? இடமில்லையெனில் அது வெள்ளையடிப்பு வேலை. வண்ணம் மட்டும் வேறு.

பழஞ்சுவரில் இன்றும் கீறலாம் என்று நாம் வாதிடவில்லை. 1967இல் ஓவியங்களின்மீது வண்ணம் பூசிச் சிதைத்த கொடுமையை நாடு மறக்கவில்லை. காவல் வேண்டியதே. ஆனால் 2015இல் கண்ணாடிச் சுவரில் பெயர் கீறிய கிழக்கு மாகாண இளம்பெண்ணொருத்திக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜனாதிபதியின் மன்னிப்பாலேயே அவர் விடுதலை பெற்றார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கீறலுக்கு ஆராய்ச்சி, இன்றைய கீறலுக்குச் சிறை! அச்சுவர் எத்தகையது என்பதை அவருக்கு, அவர் அறிந்த மொழியில், பள்ளியிலேயே யாரேனும் சொல்லியிருந்தார்களா?

ஆண்டுதோறும் மாணவரைப் பேருந்தில் ஏற்றிச் சீகிரியாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. படியேறுமுன் அப்பாடல்களிற் பத்தையேனும் தமிழில் சொல்லுங்கள். இறங்கியபின் மாணவர் தம் மறுமொழியை, மன்னனுக்கோ, சித்திரப் பெண்ணுக்கோ, கல்சுமந்தவனுக்கோ, ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும், பெயரும் இடட்டும். பரணவிதானவின் பெருந்தொகுதிகள் ஆங்கிலத்தில் உள்ளவை; பள்ளி மாணவன் கைக்கு எட்டாதவை. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த மலிவுப் பதிப்பொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே அச்சிட்டுப் பள்ளிதோறும் அனுப்பும் பணியைக் கல்வித் திணைக்களம் ஏற்க வேண்டும்.